எண்ணுக்கு அஞ்சுவோர்க்கு எழுத்துப் பணி



"எந்த வேலையாயினும் செய்வோம், கணக்கு மட்டும் வேண்டா" என்று பட்டம் பெற்ற இளைஞர் சிலர் கூறக் கேட்கிறோம். நிலையான உத்தியோகம் கிட்டும் வரையில் சில மாதங்களுக்கேனும் ஒரு தற்காலிக வேலை வேண்டும். ஆனால் அது பேரேட்டோடு மல்லுக்கு நிற்பதாக இருத்தலாகாது என்பது அவர்கள் விருப்பம். இதனைச் சோம்பல் என்று ஒதுக்குவதற்கில்லை. நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே.

அத்தகையோர்க்கு நம் நாட்டில் இடமுண்டா? உண்டு. 1950-ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது அதன் எட்டாம் அட்டவணையில் 14 மொழிகள் இருந்தன. இன்று 22 மொழிகள் இருக்கின்றன. இத்தனை மொழிகள் வழங்கும் நாட்டில் ஒன்றில் உள்ளதை மற்றொன்றில் தருவோர்க்கு வேலை இல்லாமற் போகாது. 1954-இல் தோன்றிய சாகித்திய அகாதெமியும், 1957-இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்டும் நூல்களை மொழிபெயர்க்கச் செய்து வெளியிடுகின்றன. வானொலியின் மாநிலச் செய்திப் பிரிவுகள், எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் நடத்திப் பகுதிநேரச் செய்தி வாசிப்பாளர்களைத் தெரிந்தெடுப்பதுண்டு. பதிப்பகங்களில் மெய்ப்புத் திருத்துவோர்க்கும் அவ்வப்போது பணி கிடைக்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. எண்ணை விட்டு ஓடி எழுத்திடம் வந்தால், எண் அங்கேயும் நமக்கு முன்னே வந்து அமர்ந்திருக்கும்.

பட்டம் பெற்றுத் தில்லிக்கு வந்த புதிதில், தனியார் நிறுவனம் ஒன்றுக்காக ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கித் தந்தோம். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசினார்கள். எந்த மொழிச் சொல்லுக்கு என்று நாம் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் மூன்று சொற்களாக நிற்பது, தமிழில் 'வீட்டிலிருந்து' என ஒரே சொல்லாகிவிடும் அல்லவா? மூலத்தில் 9,000 சொற்கள். அவர்கள் எண்ணியதோ நம் தமிழில் இருந்த 6,000 சொற்களை. கூலியில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அந்த மாத அறை வாடகைக்குக் கடன் வாங்க நேர்ந்தது. அவர்கள் ஏய்த்தார்கள் என்பதைக் காட்டிலும், நாம் எண்ண மறுத்தோம் என்பதே பொருந்தும்.

பணியினுள்ளும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ஒரு மில்லியன் என்றால் நமக்குப் பத்து லட்சம். ஒரு பில்லியன் என்றால் நூறு கோடி. இங்கே ஒரு சுழியைத் தவறவிட்டவர் எத்துணை இனிய தமிழ் எழுதினும், அவருடைய எழுத்தை நம்பிப் படிப்பவர்க்குத் தீங்கே செய்கிறார்.

ஆதலால் எழுத்துப் பணியை நாடும் இளைஞர்கள் ஒப்புக்கொள்வதற்கு முன் சில வினாக்களைத் தயங்காமல் கேட்க வேண்டும். கூலி மூலத்தின் சொல்லுக்கா, பெயர்ப்பின் சொல்லுக்கா? திருத்தம் சொன்னால் அதற்குத் தனிக் கூலி உண்டா? பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? விடைகளை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

எண்ணையும் எழுத்தையும் நம் முன்னோர் இரு கண்களாக வைத்தனர். ஒரு கண்ணில் பார்வை சற்று மங்கலாக இருக்கலாம்; அதில் குற்றமில்லை. அதனை இறுக மூடிக்கொண்டு நடப்பதுதான் ஆபத்து.