வெண்பாவும் மணிக்கணக்கும்

காணொளி விளையாட்டு ஒன்றின் குணதோஷங்களை, அது எத்தனை மணித்தியாலம் நீடிக்கிறது என்ற ஒரே கணக்கைக்கொண்டு நிர்ணயிக்கும் வழக்கம் இளைஞரிடையே வேரூன்றியிருப்பதை, திருகோணமலை உட்துறைமுக வீதியில் மாலைக் காற்று வாங்க என்னோடு வந்த மருமகன், "குடுத்த காசுக்கு ஒன்றரை மணித்தியாலமும் ஓடேல்லை, மாமா!" என்று அலுத்துக்கொண்டபோதுதான் அறிந்தேன்.

அவன் குறைகூறியது 'வெண்பா' என்னும் விளையாட்டை. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023இல் வெளியிட்டு, மறு ஆண்டே முதற்படைப்புக்கான பாஃப்டா விருதையும் பெற்ற இது, தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்ற வெண்பா என்ற பெண், தாயின் சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்தறிந்து, இட்லியும் பிட்டும் சமைத்து, அந்நிய மண்ணில் கவின் என்னும் மகனை வளர்க்கும் கதை. தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் நீராவி மேலேறி இட்லி வேகும் என்பதை ஆடுபவரே கண்டறிய வேண்டும். கண்டறிந்த பின்னர், அதே தட்டுகளை ஐம்பது முறை அடுக்கச்செய்து அது நம் பொழுதைக் கொல்வதில்லை. பெருவிளையாட்டுகள் பலவற்றில், மூலிகை பறித்து வா, ஓலை கொடுத்து வா என்று ஏவலாளாக அலைந்த நேரமும் அல்லவா கணக்கில் சேர்கிறது!

பெயரும் பொருத்தந்தான். யாப்பிலே ஈரடியில் முடிவது குறள் வெண்பா. பன்னிரண்டு அடிகளைக் கடந்தும் செல்வது கலிவெண்பா. அடி குறைந்தமையால் முன்னது தாழ்ந்ததென்று எந்த இலக்கணகாரரும் விதித்ததில்லை.

நீளத்தை நான் நிந்திக்கவில்லை. விடிய விடிய ஆடப்பட்ட கிழக்கிலங்கைக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் சுருக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியனவாகப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றியபோது வேகமும் செறிவும் வந்தன என்பது மெய்யே. ஆயினும், பனியில் பாய் விரித்து, பாதி உறங்கிப் பாதி விழித்து, வைகறையில் மன்னன் மடியக் காணும் அனுபவம் அந்த மேடைக்கு வரவில்லை. அக்கூத்தில் இரவின் நீட்சியே ரசத்தின் ஓர் அங்கமாயிருந்தது.

'வெண்பா'விலும் ஒரு குறை உண்டு. வளர்ந்துவிட்ட கவின், தமிழை எழுத்துக்கூட்டி வாசித்து, தாயின் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கும் கட்டம் சற்று விரைந்தே கடந்துபோகிறது. அங்கே இன்னுமொரு கால் மணித்தியாலம் தங்கியிருக்கலாம். இதை மருமகனிடம் நான் சொல்லவில்லை.