வாய்ப்புற்றும் தலைவிதியும்
(சைதாப்பேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் கடவுளைப் பற்றியதுமல்ல, சாதியைப் பற்றியதுமல்ல. நம் ஒவ்வொருவருடைய வாயைப் பற்றியதாகும். வாயைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுக்குள் முதலிடம் வகிப்பது வாய்ப்புற்றேயாகும். அதிலும் இது குடலுக்குள்ளோ மூளைக்குள்ளோ ஒளிந்து கொண்டிருக்கும் வியாதியல்ல. வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகின்ற இடத்தில் வருகின்ற வியாதி. கண்ணுக்குத் தெரிகின்ற வியாதிக்கு நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வருஷந்தோறும் பலியாகிறார்கள் என்றால், அதைத் தலைவிதி என்பதா, அலட்சியம் என்பதா?

இது ஏன் வருகின்றது? புகையிலை, பீடி, சுருட்டு, மது, பாக்கு ஆகிய இவைகளே பெரும்பாலும் காரணம். லியோன் நகரத்திலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவது இந்நோயை உண்டாக்கும் என்று 1985-லேயே தீர்மானித்தது. 2004-ல் வெளியிட்ட புத்தகத்தில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், ஏன், பாக்கு மாத்திரமுமே கூட இவ்வரிசையைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டது.

பாக்கு என்றவுடன் சிலருக்குக் கோபம் வரும். கல்யாணமானாலும் காது குத்தானாலும் கருமாதியானாலும் வெற்றிலை பாக்கில்லாமல் நம்மவர்களுக்கு ஒரு காரியமும் நடப்பதில்லை. சுவாமிக்கும் அதுதான், சம்பந்திக்கும் அதுதான். மங்கலப் பொருள் என்று நாம் பெயர் வைத்துவிட்டதினாலேயே கன்னத்துச் சதைக்கு அது மங்கலமாகிவிடுமா? பாக்கு மென்று மென்று கன்னம் விறைத்துப் போய், மூன்று விரல் நுழையுமளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியாதவர்களை நாம் பார்த்திருக்கின்றோம். 2013-ல் தமிழ்நாட்டில் குட்காவைத் தடை செய்தார்கள். ஆனால் பாட்டிமார் இடுப்பிலுள்ள சுருக்குப்பையை எந்தச் சட்டம் தடை செய்யும்?

நிற்க, இந்த வியாதி கர்ம பலன் என்று சொல்லுகின்றவர்களை ஒன்று கேட்கின்றோம். ராமகிருஷ்ண பரமஹம்சர் 1886-ல் தொண்டைப் புற்றினால் இறந்தார். கடவுளை ஒப்புக்கொள்ளாத மனோதத்துவ அறிஞர் பிராய்டுக்கு 1923-ல் வாய்க்குள் புற்று வந்தது. அவர் ஓயாத சுருட்டுப் பிரியர். தாமே ஒரு வைத்தியராயிருந்தும், கட்டியைக் கண்ட பிறகு சுமார் இரண்டு மாதம் காட்டாமலிருந்தார். பிறகு முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகளைச் செய்துகொண்டு 1939-ல் மாண்டார். பக்தருக்கும் வந்தது, நாஸ்திகருக்கும் வந்தது. இதில் யாருடைய கர்மத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பிராய்டே அப்படியிருந்தாரென்றால் நம் ஜனங்களைச் சொல்லவேண்டியதில்லை. வாயில் புண் வந்தால் உடம்புச் சூடு என்கிறோம். நாக்கு எரிந்தால் மிளகாயைக் குறை சொல்லுகிறோம். பல் ஆடினால் பல்லில் பூச்சி என்கிறோம். அந்தப் பூச்சியை எடுத்துக் காட்டுகிறேன் என்று ஒருவன் தெருவில் வந்து, கையில் மறைத்து வைத்திருந்த புழுவைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு போகின்றான். பல்லுக்குள் பூச்சியே கிடையாது தோழர்களே! பல் வைத்தியரிடம் போவதென்றால் மாத்திரம் பயம். போனால் பிடுங்கிவிடுவார் என்ற ஒரே எண்ணம்.

அவர் என்ன செய்கிறாரென்று கேளுங்கள். விளக்கை வைத்து உதடு, ஈறு, இரு கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகியவைகளைப் பார்க்கிறார். துணியால் நாக்கைப் பிடித்து இழுத்து அதன் ஓரங்களையும் அடிப்புறத்தையும் பார்க்கிறார். கழுத்தைத் தடவிக் கட்டியுண்டா என்று கவனிக்கிறார். சில நிமிஷ வேலை, ஊசியில்லை, வலியில்லை. துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், தடிப்பு ஆகியவைகளே அவர் தேடுவது. சந்தேகமிருந்தால் சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுவார். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்பது வெறும் வதந்தி. ஆரம்பத்தில் கண்டால் சிறு அறுவையோடு பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். முற்றிய பிறகோ தாடை எலும்பையே எடுத்தும் பலர் பிழைப்பதில்லை.

இதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. திருவனந்தபுரம் ஜில்லாவில் 1996-ல் தொடங்கி, ஒரு பகுதி மக்களின் வாயைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு தேடிச் சென்று பார்த்தார்கள். மற்றொரு பகுதியை வழக்கம்போல் விட்டார்கள். 2005-ல் முடிவு வெளியாயிற்று. புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளவர்களுக்குள், பார்க்கப்பட்ட பகுதியில் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கமில்லாதவர்களிடம் அம்மாதிரி லாபம் காணப்படவில்லை. இதை மறைத்துப் பேசுவது நம் வழக்கமல்ல. ஆகவே முக்கியமாகப் போகவேண்டியவர்கள் மெல்லுகிறவர்களும் பிடிக்கிறவர்களும் குடிக்கிறவர்களுமே. அவர்கள் வருஷத்திற்கு ஒரு தடவையாவது காட்டவேண்டும். மற்றவர்கள் பல் வைத்தியரிடம் எதற்காகப் போனாலும், “வாய் முழுவதையும் பாருங்கள்” என்று கேட்டு வாங்குங்கள்.

கூலிக்காரனுக்கு ஒரு நாள் கூலி போகுமே என்றால், அது நியாயமான கேள்வி. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து வருஷத்திற்கொரு முறை வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டுமென்று 2016-ல் இந்திய சர்க்கார் திட்டம் எழுதியது. எழுதியதை வாங்கிக்கொள்ள நாம்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்கவேண்டும். சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் கோட்டை ஸ்டேஷனருகில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. அடையாற்றைத் தாண்டினால் புற்றுநோய் ஆஸ்பத்திரி. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் கோயில் கட்டவில்லை. பணம் திரட்டி 1954-ல் அந்த ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலுள்ள எல்லோரையும் வைத்தியரிடம் அனுப்பிவிட்டு உங்கள் புண்ணை மாத்திரம் முந்தானையால் மூடிக்கொள்ளுகிறீர்கள். புருஷன் கூட்டிப்போகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நீங்களே போங்கள்.

சந்தேகமிருக்கும் தோழர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். எவ்வளவு நேரமானாலும் இருந்து பதில் சொல்லுகின்றோம்.