பாக்குக் கடலின் நேற்றும் இன்றும்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இவ்வுரையை எங்கள் வகுப்புத் தோழியர் ஐவர் கூடி ஆயத்தம் செய்தோம். வாசிப்பது ஒருத்தி, பேசுவது ஐவரும்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் ஒரு பிணக்கு ஏற்பட்டது. சென்னையில் வாழும் தோழி, இராமேசுவரத்து மீனவர் கைதானபோது அவர்களின் வீட்டுப் பெண்கள் அழும் படத்தை அனுப்பி, "எங்கட கடலில எங்கட ஆக்களுக்கே இந்தக் கதியா?" என்று கேட்டாள். அன்றிரவே மன்னாரில் இருக்கும் தோழி தன் தம்பியின் வலையைப் படம்பிடித்து அனுப்பினாள். கடன்பட்டு வாங்கிய வலை, கந்தலாய்க் கிடந்தது. "இதுக்கு ஆர் அழுறது?" என்று மட்டும் எழுதியிருந்தாள். அதன் பின் மூன்று கிழமை குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விடுதியில் ஒரே தட்டில் சோறு குழைத்துத் தின்றவர்கள் இவர்கள்.

இந்த மௌனமே எங்களை வரலாற்றுப் புத்தகங்களைத் தேட வைத்தது. இரண்டு படங்களும் உண்மை. அப்படியானால் இந்தச் சண்டை எங்கே தொடங்கியது?

முதலில் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாக்கு விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீற்றருக்குள் அடங்கும். அடியில் சேறும் கடற்புல்லும். இறாலும் நண்டும் பெருகுவதற்கு ஏற்ற தொட்டில் அது. இரு கரையாரும் பாய்வள்ளத்திலும் கட்டுமரத்திலும் தலைமுறைகளாக அங்கே தொழில் செய்தார்கள். கொண்டான் கொடுத்தான் உறவும் இருந்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்தத் துறைகளின் வழியே போய்வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள்.

அந்தக் கடலின் மேல் மூன்று காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன.

முதலாவது, கோடு. 1921இலேயே சென்னை அரசும் இலங்கை அரசும் மீன்பிடி எல்லை பற்றிக் கொழும்பில் பேசியிருந்தன. 1974 ஜூனில் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் செய்த ஒப்பந்தம் பாக்கு நீரிணையில் எல்லையை வகுத்தது. கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல அத்தீவுக்கு வந்துபோகலாம் என்றும் அதில் எழுதப்பட்டது. 1976இல் மன்னார் வளைகுடாவிலும் எல்லை வகுத்தபோது, ஒரு நாட்டுப் படகு மறு நாட்டுக் கடலில் தொழில் செய்யக்கூடாது என்று இரு அரசுகளும் கடிதம் பரிமாறிக்கொண்டன. அந்தக் கடலில் தொழில் செய்தவர்கள் எவரும் அந்த மேசையில் இருக்கவில்லை.

இரண்டாவது, இழுவைப்படகு. நாங்கள் றோலர் என்று சொல்வது இதைத்தான். 1950களில் நோர்வேயின் உதவியுடன் கேரளத்தில் தொடங்கிய திட்டத்தோடு இயந்திரப் படகும் இழுவை மடியும் தென்னிந்தியக் கரைகளுக்குப் பரவின. வெளிநாட்டில் இறாலுக்கு நல்ல விலை கிடைத்ததும் மீன்பிடியோடு தொடர்பில்லாதவர்களும் படகுக்கு முதல் போட்டார்கள். இழுவை மடி கடலின் அடியை வாரிக்கொண்டு போகும். குஞ்சும் முட்டையும் கடற்புல்லும் மிஞ்சாது. தமிழ்நாட்டிலேயே நாட்டுப்படகுக்காரருக்கும் இழுவைப்படகுக்காரருக்கும் இதனால் கைகலப்பு வந்தது. ஆளுக்கு நாள் பிரித்துக் கொடுத்தே அங்கு அதைத் தணித்தார்கள். ஆக, எங்கள் கரையாரின் இன்றைய முறைப்பாட்டை முதலில் சொன்னவர்கள் அக்கரை ஏழை மீனவர்களே. இதை நாங்கள் அறியாமலே இருந்தோம்.

மூன்றாவது, எங்கள் யுத்தம். 1983இன் பின் வடகடலில் தொழிலுக்குத் தடை, நேரக் கட்டுப்பாடு, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கரையோரக் கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயங்களாயின. சனம் இடம்பெயர்ந்தது; பலர் மண்டபம் முகாம்வரை போனார்கள். எங்கள் பக்கக் கடல் வெறுமையானது. தங்கள் பக்கத்து அடியை வாரி முடித்த இழுவைப்படகுகள் அந்த வெறுமைக்குள் வந்தன. துவக்குச் சூட்டுக்கு அஞ்சியபடிதான் வந்தன, உயிர்களும் போயின. முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை அந்தக் கடலைத் தன் தொழிற்கடலென்றே பழகிவிட்டது. 2009இன் பின் எங்கள் ஆக்கள் சிறு வள்ளத்தோடும் கடன் வலையோடும் திரும்பிவந்தபோது, தங்கள் கடலில் வேறொருவர் தொழில் செய்துகொண்டிருந்தார்.

சகோதரிகளே, இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்றைய சண்டை விளங்கும். திங்கள், புதன், சனி என இழுவைப்படகு வரும் இரவுகளில் எங்கள் தொழிலாளர் வலை போடப் பயந்து கரையில் இருப்பது ஏன் என்பதும் விளங்கும். 2017இல் எங்கள் பாராளுமன்றம் இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதன் பின்னும் சண்டை ஓயவில்லை.

கச்சதீவு திரும்பக் கிடைத்தால் எல்லாம் தீரும் என்று அக்கரை மேடைகளில் பேசப்படுகிறது. இழுவைப்படகுகள் தேடிவருவது தீவை அல்ல. நெடுந்தீவு, மன்னார், முல்லைத்தீவு வரையுள்ள இறாலை. இக்கரையில் சிலர் கடற்படை பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். 2021 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அப்பால் கடற்படைப் படகும் இழுவைப்படகும் மோதிய சம்பவத்தில் நால்வர் இறந்தனர். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கை அகதி. அவர் எந்தக் கரையின் மனிதர்? அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. கூலிக்கும் பங்குக்கும் ஏறுகிறவர் சாகிறார், சிறைக்குப் போகிறார். படகுச் சொந்தக்காரர் கரையில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

எங்கள் வீட்டையும் பார்க்க வேண்டும். குருநகரிலும் பேசாலையிலும் எங்கள் ஆக்களிடமும் இழுவைப்படகுகள் இருந்தன. சட்டம் அவர்களுக்கும் உரியது. அயலானின் மடி அழிக்கும், எங்கள் மடி அழிக்காது என்று கடல் பார்ப்பதில்லை.

பழங்கதை அறிவதால் அறுந்த வலை ஒட்டாது. ஆனால் ஆரிடம் எதைக் கேட்பது என்பது தெளிவாகும். மீனவர் மீனவரைப் பகைப்பதை விட்டு, இழுவை மடியை நிறுத்தும்படியும், தொழிலை மாற்ற விரும்பும் அக்கரைத் தொழிலாளிக்கு வழி செய்யும்படியும், வலை இழந்தவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் இரு அரசுகளையும் கேட்கலாம். 2004, 2010, 2014 ஆகிய ஆண்டுகளில் இரு கரைத் தொழிலாளரும் நேருக்கு நேர் இருந்து பேசியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசக்கூடிய இரு நாட்டு மக்கள் இவர்கள். அந்தப் பேச்சை மீண்டும் தொடங்கச் சொல்லும் குரல் எங்களைப் போல இரு கரையிலும் தோழியர் உள்ளவர்களிடமிருந்து எழ வேண்டாமா?

முடிவாக ஒன்று. சென்னைத் தோழியும் மன்னார்த் தோழியும் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். இவ்வுரையை எழுதிய ஐவரில் அவர்களும் அடக்கம். ஒரு விடயத்தில் இன்னும் அவர்கள் ஒத்துவரவில்லை. இழுவைப்படகுகளை நிறுத்தச் சில ஆண்டு அவகாசம் வேண்டும் என்கிறாள் ஒருத்தி. கொடுத்த அவகாசம் போதும் என்கிறாள் மற்றவள். ஆனால் இப்போது படம் அனுப்பிச் சண்டை பிடிப்பதில்லை. ஒருத்தி, "தம்பி இண்டைக்குக் கடலுக்குப் போனவனோ?" என்று கேட்கிறாள். மற்றவள், "பிடிபட்ட ஆக்களை விட்டிட்டாங்களோ?" என்று கேட்கிறாள்.

நூறு ஆண்டுகளாக இரு கரைப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்திய எமது கல்லூரி வாழ்க.