கிழப்பருவத்திற்குச் சுயமரியாதை வேண்டாமா?



இன்று கிழப்பருவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கின்றோம். வாலிபர்கள் அதிகமாகக் கூடியுள்ள இக்கூட்டத்தில் கிழவர் சங்கதி எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். வாலிபர்கள் கூடியிருப்பதால்தான் இதைப் பேச வேண்டியதாயிருக்கின்றது. கிழவனான பிறகு கிழப்பருவத்திற்கு வழி தேடுவது, தாகமெடுத்த பிறகு கிணறு வெட்டப் போவதற்கே ஒப்பாகும்.

1950 ஆம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் நம் நாட்டு ஜனங்களின் சராசரி ஆயுள் நாற்பதைக்கூட எட்டவில்லை. பிறந்த குழந்தைகளில் அநேகம் செத்துக்கொண்டிருந்ததே அதற்குப் பெருங்காரணம். இன்று அது எழுபதை ஒட்டி நிற்கின்றது. இது யாருடைய அருளாலும் வந்ததல்ல. அம்மை குத்தியதாலும், நல்ல தண்ணீராலும், மருந்தாலும், பிரசவ ஆஸ்பத்திரியாலும் வந்தது. ஆயுளை அறிவினால் நீட்டிக்கொண்ட நாம், அந்த நீண்ட காலத்திற்குச் சோற்றுக்கும் வைத்தியத்திற்கும் என்ன வழி என்பதை மாத்திரம் தலைவிதியின் பேரில் விட்டு வைத்திருப்பது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

"எனக்கென்ன, மகன் இருக்கிறான்" என்பார்கள். மகன்மாரை நாம் குறை சொல்ல வரவில்லை. பட்டணத்தில் வாடகையும், பள்ளிக்கூடச் சம்பளமும் கட்டித் தீராமல் திண்டாடுகின்ற மகன் வேண்டுமென்றா கைவிடுகிறான்? ஆனால் நல்ல மகனுக்கும் வேலை போகும், வியாதி வரும். ஆகையால் ஒருவரது முழு ஜீவனத்தையும் மற்றொருவர் நல்ல மனசின் மேல் கட்டி வைப்பது, இருவருக்குமே கேடான காரியமாகும்.

நாம் அறிந்த ஒரு தாயார், புருஷன் விட்டுப் போன ஒரே வீட்டைப் பிள்ளை பேருக்கு ஒரு நிபந்தனையும் இல்லாமல் செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தார். எழுதின வருஷம் ராஜ உபசாரம். மறு வருஷம் திண்ணை. அதற்கடுத்த வருஷம், தாம் குடியிருந்த வீட்டிலேயே ஒரு டம்ளர் காப்பி கேட்பதற்கு மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் செய்த குற்றமென்ன? பிள்ளையை நம்பினது குற்றமல்ல. கையெழுத்துப் போடும்போது யோசிக்காததே குற்றம்.

ஆகவே சொத்துள்ளவர்கள் கவனிக்க வேண்டியது யாதெனில், செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தால் சொத்து அன்றே கைமாறிப் போகும். உயிலோ, எழுதினவர் இறந்த பின்தான் நடப்புக்கு வரும். உயிரோடும் புத்தி சுவாதீனத்தோடும் இருக்குமட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை. அப்படியும் செட்டில்மெண்டே எழுத வேண்டுமானால், "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007 ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆவது பிரிவு, அந்த நிபந்தனை தவறினால் பத்திரத்தையே ரத்துச் செய்ய இடங்கொடுக்கின்றது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சமும் கேட்கலாம். இதைக் கேட்பது மானக்கேடு என்கிறார்கள். பெற்றவளைத் திண்ணையில் போட்டது மானக்கேடா, அவள் நியாயம் கேட்டது மானக்கேடா?

சொத்தே இல்லாத கூலிக்காரர் என்ன செய்வது? ஜெர்மனியில் 1889 இலேயே தொழிலாளிக்கு முதுமைக்கால இன்ஷியூரன்ஸ் சட்டம் செய்தார்கள். இங்கிலாந்தில் 1908 இல் சட்டம் செய்து, எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோர் பென்ஷன் 1962 இல்தான் வந்தது. 2023 இல் அது மாதம் 1200 ரூபாயாக்கப்பட்டது. இது பிச்சையல்ல. நாற்பது வருஷம் வெயிலில் உழைத்தவனுக்கு சமூகம் செலுத்தும் கடன். தாலுகா ஆபீசில் தலைநிமிர்ந்து கேளுங்கள்.

ஆனால் அது ஒன்றே போதாது. வாலிபத் தோழர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகின்றோம். 2015 இல் ஏற்பட்ட அடல் பென்ஷன் திட்டத்தில், அறுபதாம் வயது முதல் மாதம் 5000 ரூபாய் வரவேண்டுமானால், பதினெட்டு வயதில் சேருகிறவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். நாற்பது வயதில் சேருகிறவரோ மாதம் 1454 ரூபாய் கட்ட வேண்டும். காலதாமதத்திற்கு விலை இதுதான்! நாற்பது தாண்டினால் சேரவே முடியாது. வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் 2022 அக்டோபர் முதல் இடமில்லை. சந்தாதாரர் இறந்தால் அதே பென்ஷன் மனைவிக்கோ புருஷனுக்கோ வரும். அன்றைய 5000 இன்றைய 5000 ஆக இராது என்பதையும் மறவாதீர்கள். அதனால் இதற்கு மேலும் சேர்க்க வேண்டும்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புருஷன் கணக்கு, புருஷன் வீடு, புருஷன் பென்ஷன் என்றே இருந்துவிட்டு, அவர் போன மறுநாள் எந்தப் பாங்கில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் விழிக்கின்ற பெண்கள் எத்தனை பேர்! உங்கள் பேரில் ஒரு கணக்கு, உங்கள் கையில் ஒரு சாவி இருக்க வேண்டும்.

இனி உடம்பைப் பற்றி. "வயசானால் அப்படித்தான்" என்ற ஒரு வாக்கியம் கொன்ற கிழவர்களுக்குக் கணக்கேயில்லை. இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியில்லாமலே உள்ளே வேலை செய்யும். அளந்து பார்த்தால்தான் தெரியும். "உடம்பு நன்றாயிருக்கிறது" என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது, கூரை ஒழுகவில்லையென்று ஓட்டைப் பிரிப்பது போன்றதே. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் இம்மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கட்டும். வாரத்தில் 150 நிமிஷமாவது விரைந்து நடவுங்கள். புகையிலையை விடுங்கள். கண் புரை விதியல்ல. சிறு ஆப்பரேஷனில் தீர்வது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பின், 1976 இல் 11 படுக்கைகளோடு கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். மூட்டு வாதத்தால் அவர் விரல்கள் கோணிப் போயிருந்தன. அந்த விரல்களைக் கொண்டே ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பார்வை கொடுத்தார். "ரிட்டையர் ஆனால் ஆயுசு முடிந்தது" என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டுமா?

கடைசியாக ஒன்று. தகப்பன் உயிரோடிருந்தபோது மூக்குக்கண்ணாடி வாங்கக் காசில்லை என்ற வீட்டில், அவன் செத்த பதினாறாம் நாள் கடன் வாங்கி ஊருக்கு விருந்து வைக்கிறார்கள். செத்தவன் சாப்பிட வருவதில்லை. அந்தப் பணத்தை இருக்கும்போதே கண்ணுக்கும், பல்லுக்கும், பாலுக்கும் செலவழியுங்கள்.

இன்று வீடு திரும்பியதும் நாம் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியென்று பட்டால், நாளைக்கே செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றோம்.