நாலு பேர் ஏறின பிறகு கார் எவ்வளவு உயரத்துல நிக்குது?

"காயிலோவர் போட்டாச்சு, காரை எவ்வளவு இறக்கலாம்?" இந்தக் கேள்வி நமக்கு அடிக்கடி வருது. அதே மெசேஜ்ல சில பேர் இன்னொரு வரியும் சேர்க்கிறாங்க: "இந்த வாரம் கொல்லிமலை போறோம், நாலு பேர்." அந்த ரெண்டாவது வரியாலதான் பதில் மாறுது. அதனால கொல்லிமலையையே வச்சு இன்னைக்குக் கணக்குப் போடுவோம்.

முதல்ல ரோடு. காரவள்ளி அடிவாரத்துல இருந்து ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு. மேல போனா வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, பைல் நாடுன்னு ஊராட்சிகளுக்கே நாடுன்னுதான் பேர். பிரதான ரோட்டை விட்டு அந்த மாதிரி உள் ஊர்களுக்குத் திரும்பினா ரோடு ஒடுங்கிடும். எதிர்ல ஒரு பஸ் வந்தா ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணுல இறக்கித்தான் ஒதுங்கணும். அப்போ காரோட அடிவயித்துக்கும் தரைக்கும் நடுவுல மிச்சம் இருக்கற இடம்தான் உங்க சொத்து.

காயிலோவர்னா ஷாக் அப்சார்பரும் அதைச் சுத்தி ஸ்பிரிங்கும் ஒரே செட்டா, உயரத்தை மாத்திக்கற மரையோட வர்றது. இதுல ரெண்டு வகை. ஒண்ணுல ஸ்பிரிங் உட்கார்ற வளையத்தை மட்டும் ஏத்தி இறக்கலாம். வளையத்தை 30 மி.மீ. இறக்கினா கார் ஏறக்குறைய அவ்வளவு இறங்கும். கூடவே ஷாக் மேல்நோக்கி அமுங்கறதுக்கு வச்சிருந்த இடத்துல 30 மி.மீ. காணாமப் போகும். இன்னொரு வகையில ஷாக்கோட அடிப்பாகமே மரையில சுத்தி நீளம் மாறும். அதுல ஷாக்குக்குள்ள இருக்கற இடம் அப்படியே இருக்கும், ஆனா டயர் ஃபெண்டருக்கு அவ்வளவு கிட்ட வந்துடும். எந்த வகையா இருந்தாலும் இறக்கறதுக்கு ஒரு விலை உண்டு. முதல் வகையில ஷாக்கு கொடுக்குது, ரெண்டாவதுல டயர் கொடுக்குது.

இங்கேயே ஒரு தப்பான நம்பிக்கையையும் தள்ளி வச்சிடலாம். வளையத்தை இறுக்கினா ஸ்பிரிங் கடினமாகும்னு நிறைய பேர் சொல்றாங்க. சாதாரண நேர் ஸ்பிரிங்கோட கடினம் அதோட கம்பியிலயும் சுத்துலயும் இருக்கு. வளையத்தால அது மாறாது, உயரம்தான் மாறும்.

இப்போ கணக்கு. உதாரணத்துக்கு ஒரு ஹேட்ச்பேக், ஆள் இல்லாம கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ. அழகுக்காக 40 இறக்கறீங்க, 125 ஆச்சு. நாலு பேரும் பையும் ஏறினதும் வண்டியோட நடுப்பகுதி இன்னும் 25 அமுங்குதுன்னு வச்சுக்குவோம். மிச்சம் 100.

அடுத்து வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்ற வழக்கமான வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அதோட மேடு 17 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தோட துண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 2.45 மீட்டர் இருக்கற கார் அதுமேல ஏறி நிக்கும்போது, நாலு சக்கரமும் அந்த மேட்டு மேலேயே இருக்கும். வடிவியல் போட்டுப் பார்த்தா அடிவயித்துக்குக் கீழ மேடு எடுத்துக்கறது சுமார் 44 மி.மீ. மட்டும்தான். உங்க 100-ல 56 மிச்சம், தப்பிச்சுடுவீங்க.

ஆனா தெருவுல சிமென்டைக் கொட்டி, அரை மீட்டர் அகலத்துல அதே 10 செ.மீ. உயரத்துக்குக் கட்டி வச்சிருக்கற மேடு? முன் சக்கரம் தாண்டி இறங்கிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. மொத்த 100 மி.மீ.யும் நடுவுல வந்து நிக்கும். உங்க கையில இருக்கறதும் 100. உரசும். அந்த இடத்துல எக்ஸாஸ்ட் பைப்போ ஆயில் சம்ப்போ இருந்தா, மலை மேல டோ பண்ற வண்டிக்குக் காத்திருக்கணும்.

உரசறதைவிடப் பெரிய ஆபத்து இறங்கும்போது இருக்கு. சரிவுல பிரேக் பிடிச்சுட்டே ஊசி வளைவுக்குள்ள திரும்பறீங்க. எடை முன்னாடி வருது, வெளிப்பக்க முன் சக்கரம் மேல ஏறுது. அங்க ஒரு பள்ளமும் சேர்ந்தா, இடம் குறைஞ்ச ஷாக் அமுங்கி பம்ப் ஸ்டாப்ல போய் முட்டும். அந்த நொடியில அந்த மூலை திடீர்னு கல்லு மாதிரி ஆகும். டயர் மேல விழற பளு துள்ளும், பிடிப்பு குறையும், வண்டி நீங்க திருப்பின கோட்டை விட்டு வெளிப்பக்கம் போகும். வெளிப்பக்கம் என்ன இருக்குன்னு கொல்லிமலை போனவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"இறக்கினா கார் சாயாதே"ன்னு கேப்பீங்க. ஓரளவுக்குத்தான். நம்ம ஊர் கார்கள்ல முன்னாடி பெரும்பாலும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ரொம்ப இறக்கினா லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாஞ்சுடும். அப்போ கார் சாயறதுக்கான மையப்புள்ளி, கார் இறங்கினதைவிட வேகமா கீழ போகும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நெம்புகோல் நீளமாகும். அதே ஸ்பிரிங்குல கார் முன்னைவிட அதிகமா சாயலாம். லோயர் ஆர்ம் ஏறக்குறைய தரைக்கு இணையா வந்ததும் நிறுத்திக்கறது நல்லது.

சரி, எப்படி செட் பண்றது? சமதரையில நிறுத்துங்க. டயர்ல காத்து சரியா இருக்கட்டும். சக்கரத்தோட நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு மூலையிலயும் அளந்து எழுதுங்க. தரையில இருந்து அளந்தா டயர் தேய்மானமும் கணக்குல நுழைஞ்சுடும். அப்புறம் நாலு பேரை உட்கார வச்சு, பையையும் ஏத்தி, மறுபடி அளங்க. உங்க உண்மையான உயரம் அந்த ரெண்டாவது வரிசைதான். அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

கோடுல ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தானே பண்ணுவோம்? இங்கேயும் அப்படியே. ஒரு தடவைக்கு 5 மி.மீ., இடது வலது சமமா. ஜாக்குல இருந்து இறக்கினதும் அளக்காதீங்க, கொஞ்சம் முன்னாடி பின்னாடி உருட்டினாத்தான் சஸ்பென்ஷன் உட்காரும். ஒரு மூலையை மட்டும் ஏத்திடாதீங்க. ஆடற மேஜைக்கு ஒரு காலுக்கு மட்டும் அட்டை வச்ச கதைதான்: அந்த மூலையிலயும் அதுக்குக் குறுக்கே இருக்கற மூலையிலயும் பளு கூடும், மத்த ரெண்டுலயும் குறையும். லாக் ரிங்கை இறுக்கினதும் நேரா அலைன்மென்ட் கடைக்குப் போங்க. உயரம் மாறினா டோவும் கேம்பரும் மாறியிருக்கும். ஹெட்லைட் கோணத்தையும் பார்த்துடுங்க.

சட்டத்தையும் சொல்லிடறேன். பதிவுல இருக்கற தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில சொல்லியிருக்கு. அனுமதி இல்லாத மாத்தத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவுல, ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ உண்டு. போடறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டயும் எழுத்துல கேட்டு வச்சுக்கோங்க.

கடைசியா ஒரு வேலை. கிளம்பறதுக்கு முன்னாடி முன் ஷாக்கோட ராட்ல, ரப்பர் உறையைத் தூக்கி, ஒரு ஜிப் டையை லேசா இறுக்கிக் கட்டி அடிவரைக்கும் தள்ளி விடுங்க. செம்மேடு போய் டீ குடிக்கும்போது எட்டிப் பாருங்க. டை எவ்வளவு மேல தள்ளப்பட்டிருக்கோ, அவ்வளவு தூரம் ஷாக் அமுங்கியிருக்கு. பம்ப் ஸ்டாப் வரைக்கும் போயிருந்தா, இறங்கும்போது இன்னும் மெதுவா வாங்க. வீட்டுக்கு வந்ததும் 10 மி.மீ. ஏத்துங்க.