எழுத்தா, நோக்கமா? நம்ம ஓட்டோட மதிப்பு இதுல இருக்கு!

(சாரத்தில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



அரசியலமைப்புச் சட்டம்னா வக்கீல் சமாச்சாரம், நமக்கு எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன்.

2021 பிப்ரவரி 22. நம்ம புதுச்சேரி சட்டப்பேரவையில் அன்னைக்கு இருந்தது 26 உறுப்பினர்கள். ஆளும் கூட்டணி பக்கம் 12, எதிர்ப்பக்கம் 14. நாராயணசாமி அரசு கவிழ்ந்தது. அந்த 14 பேர்ல 3 பேர் மத்திய அரசு நியமிச்சவங்க. நீங்களும் நானும் ஓட்டுப் போட்டு அனுப்பினவங்களை மட்டும் எண்ணிப் பாருங்க: 12-க்கு 11!

வரிசையா நடந்த ராஜினாமாக்களும் காரணம்தான், அதை மறைக்க வேண்டாம். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதையும் ஒரு நிமிஷம் ஒதுக்கி வைப்போம். அந்த 3 பேருக்கு ஓட்டுரிமை எப்படி வந்தது? சட்டத்தை எப்படிப் படிக்கணும்னு நீதிமன்றம் எடுத்த முடிவால் வந்தது.

படிக்கிறதுல முக்கியமா ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, ஒரிஜினலிசம். சட்டம் எழுதப்பட்ட காலத்தில் அந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தமோ, அதுதான் இன்னைக்கும் அர்த்தம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டோனின் ஸ்காலியா இதற்குப் பேர்போனவர். இதோட நெருங்கிய சொந்தம், 'எழுத்தில் என்ன இருக்கோ அதை மட்டும் பார்' என்கிற வாதம்.

இன்னொண்ணு, சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து, காலத்தோடு சேர்த்துப் படிக்கிறது.

ரெண்டையும் நம்ம நாடு பார்த்திருக்கு. 1950-ல் ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாகாணம் வழக்கு. விசாரணை இல்லாமல் சிறையில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவருக்கு, 'சட்டப்படியான நடைமுறை இருந்தால் போதும்' என்று எழுத்தைப் பிடித்துக்கொண்டது உச்ச நீதிமன்றம். 28 வருஷம் கழித்து, 1978-ல் மேனகா காந்தி வழக்கில்தான் 'அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்கணும்' என்று சொன்னது. சட்டப்பிரிவு அதே 21. படித்த விதம் மாறியது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1963-ம் வருட யூனியன் பிரதேசச் சட்டத்தின்படி, நம்ம பேரவைக்கு 3 பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். 2017-ல் மாநில அமைச்சரவையைக் கேட்காமலேயே 3 பேரை நியமித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2018 டிசம்பர் 6-ல் தீர்ப்பு: 'அமைச்சரவையைக் கேட்கணும்னு சட்டத்தில் இல்லை; ஓட்டுப் போடுவதில் நியமன உறுப்பினர், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் என்ற வேறுபாடும் இல்லை.' பட்ஜெட்டிலும் ஓட்டு, நம்பிக்கை வாக்கெடுப்பிலும் ஓட்டு.

அதே 2018, ஜூலை 4. அதே உச்ச நீதிமன்றம். டெல்லி வழக்கு. அங்கே 5 நீதிபதிகள் அமர்வு நோக்கத்தைப் பார்த்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு அர்த்தம் இருக்கணும். காவல், பொது ஒழுங்கு, நிலம் தவிர்த்த விஷயங்களில் துணைநிலை ஆளுநர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கணும் என்றது.

டெல்லிக்கு 239ஏஏ, நமக்கு 239ஏ, ரெண்டும் வேற பிரிவுன்னு சொல்வாங்க. உண்மைதான். 'ஒரு பகுதி நியமனம், ஒரு பகுதி தேர்தல்' என்ற பேரவைக்கு 239ஏ-யிலேயே இடம் இருக்கு. ஆனா ஓட்டுப் போட்ட மக்களின் தீர்ப்புக்கு மதிப்பு இருக்கணும் என்ற நோக்கம், டெல்லிக்கு ஒரு அளவு, சாரத்துக்கு ஒரு அளவா?

இன்னொரு விஷயம். 'எழுதினவங்க மனசுல என்ன இருந்தது'ன்னு தேடினால், நம்ம கதை விசித்திரமானது. 1949 நவம்பர் 26-ல் அரசியலமைப்பு ஏற்கப்பட்டபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சட்ட ரீதியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அதற்குப் பிறகு வந்த 14-வது திருத்தம்தான் 239ஏ-யைக் கொண்டுவந்தது. மக்களவையில் புதுச்சேரிக்கு இடம் வர வழி செய்ததும் அதே திருத்தம்தான். நம்ம ஆட்சிமுறையை எழுதின மேசையில் நமக்கு நாற்காலி இல்லை, தோழர்களே!

அதுக்காக, நீதிபதிகள் எல்லாத்தையும் நோக்கம் பார்த்துப் படிச்சா போதும்னும் நான் சொல்லலை. இன்னைக்கு நமக்குச் சாதகமான நோக்கத்தைப் பார்க்கிற நீதிபதி, நாளைக்கு வேற நோக்கத்தைப் பார்க்கலாம். டெல்லியில் ஜெயித்த தீர்ப்புக்கு என்ன ஆச்சு? 2021-ல் நாடாளுமன்றம் டெல்லிச் சட்டத்தையே திருத்தி, துணைநிலை ஆளுநரின் கையைப் பலப்படுத்தியது.

எழுத்துதான் பேசும் என்றால், எழுத்தை மாற்றணும். அதுக்குப் பேர்தான் மாநில அந்தஸ்து. மாநிலச் சட்டப்பேரவை பற்றிய பிரிவு 170 தெளிவா சொல்லுது: உறுப்பினர்கள் நேரடித் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படணும். அங்கே டெல்லியிலிருந்து மூணு பேரை அனுப்ப வழி கிடையாது.

அடுத்த முறை யாராவது 'மாநில அந்தஸ்து வந்தா எனக்கு என்ன கிடைக்கும்?'னு கேட்டா, நீளமா பேச வேண்டாம். 12-க்கு 11 கணக்கை மட்டும் சொல்லுங்க. புரிஞ்சுக்குவாங்க.



#புதுச்சேரிக்கு_மாநில_அந்தஸ்து
#நம்ம_ஓட்டு_நம்ம_உரிமை