பஸ் நிற்கிற இடத்துக்கு அப்புறம்

(லாஸ்பேட்டையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. எப்பவாவது கவிதை எழுதுகிறவன். பகலெல்லாம் பேங்க்கில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன். ‘மலைக்கிராம மக்களின் வாழ்நிலை’ன்னு தோழர்கள் தலைப்புக் கொடுத்துட்டாங்க.

மலைக்கிராமம்னு சொன்னதும் நம்ம கண்ணுல என்ன வருது? டி.வி.யில் காட்டுகிற பப்புவா மலை. தலையில் இறகு, முகத்தில் சாயம். 1930களில் வெள்ளைக்காரன் தங்கம் தேடிப் போனபோதுதான் அந்தப் பள்ளத்தாக்குகளில் லட்சக்கணக்கான சனங்கள் இருப்பது ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்தவனுக்குத் தான் இருப்பது முன்னாடியே தெரியும். இன்றைக்கும் அங்கே பல ஊர்களுக்கு ரோடு கிடையாது. புல்தரையில் வந்து இறங்குகிற சின்ன விமானத்தை நம்பித்தான் மருந்தும் சாமானும். ஆனாலும் பப்புவா நியூகினியில் நிலத்தின் மிகப் பெரும்பகுதி சட்டப்படியே அந்தந்தக் குலங்களுக்குச் சொந்தம். ரோடு இல்லை, நிலம் இருக்கு. நம்ம மலைக்காரர்களில் பலருக்கு ரெண்டுமே இல்லை.

நான் பப்புவாவுக்குப் போனதில்லை. கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறேன். இங்கிருந்து காலையில் கிளம்பினால் விழுப்புரம், கள்ளக்குறிச்சி வழியாகச் சாயங்காலத்துக்குள் வெள்ளிமலை போய்விடலாம். பஸ் நிற்கிற இடத்துக்கு அப்புறம்தான் தூரம் ஆரம்பிக்கிறது. அந்தத் தூரம் மலை உண்டாக்கியதா, அரசு உண்டாக்கியதா என்பதுதான் என் கேள்வி.

இந்தியாவுக்கு 1947ல் சுதந்திரம். பாண்டிச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரன் போனது 1954ல். கல்வராயன் மலையில் ஜாகிர்தார் ஆட்சி முடிந்தது 1976ல். அதுவரைக்கும் சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள். சனங்கள் ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக் கொட்ட வேண்டும். நாட்டில் ஜனநாயகத்தைப் பூட்டி வைத்திருந்த நெருக்கடி நிலைக் காலத்தில்தான் இந்த மலைக்கு ஜாகிர்தாரிடமிருந்து விடுதலை கிடைத்தது என்பதை வேடிக்கை என்பதா, வேறென்ன சொல்வது?

ஜாகிர்தார் போனபின் வனத்துறை மிச்சமிருந்தது. 1882ல் வெள்ளைக்காரன் போட்ட சென்னை வனச் சட்டம், பாட்டன் உழுத காட்டில் பேரனை ஆக்கிரமிப்பாளன் ஆக்கியது. சாமை, தினை விதைத்த கொல்லைக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லை என்றால் என்ன ஆகும்? அதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கவுண்டருக்குப் பின்னால் இருந்து பார்த்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு கிளை. எந்த பேங்க்னு வேண்டாம், எல்லா பேங்க்கிலும் இதேதான். ஒரு மலையாளி. கேரளத்துக்காரர் இல்லை, இந்த மலைகளில் வாழ்கிற பழங்குடியினருக்குப் பேரே மலையாளிதான். நடுவயசு, தோளில் துண்டு. பயிர்க்கடன் கேட்டு வந்தார். “பட்டா இருக்காய்யா?” என்றேன். “அப்பா காலத்துலேர்ந்து நாங்கதான் சாமி உழுறோம்.” “அது சரி, பட்டா?” சிரித்துக்கொண்டே நின்றார். பின்னால் வரிசை நீண்டது. “பட்டா கொண்டாந்தா பாக்கலாம்” என்று அனுப்பிவிட்டேன். விதிப்படி நான் செய்தது சரி. அவர் என்னைச் சாமி என்று கூப்பிட்டதைத் திருத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பேங்க் கதவை மூடினால் மேஸ்திரி கதவைத் திறப்பான். பட்டா கேட்க மாட்டான், கையெழுத்துக் கேட்க மாட்டான். கையில் முன்பணம் கொடுத்து எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போவான், செங்கல் சூளைக்குக் கூட்டிப்போவான். சிலரை ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்டக் கூட்டிப்போவான். 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைக்காரர்களும் சித்தேரி மலைக்காரர்களும் அதில் பலர். மறுநாள் பேப்பரில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். எனக்கு அந்த மனுஷன் பேர் மறந்துபோயிருந்தது. அவர் அதில் இருக்கிறாரா இல்லையா என்று தேடிப் பார்க்கக்கூட முடியவில்லை தோழர்களே.

எட்டாத ஊர், போய்ச் சேர முடியாத ஊர் என்கிறார்கள். சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்திக்கு 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று எத்தனை பேர் போனார்கள்? வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து 269 பேர். 18 பெண்களை வன்புணர்ச்சி செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். கிணற்றைக்கூட விடாமல் பாழாக்கினார்கள். அன்றைக்கு ரோடு தடையாக இல்லை. நீதிக்குத்தான் வழி தெரியவில்லை. 2011 செப்டம்பர் 29ல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் தண்டனை காணாமலே செத்துப்போயிருந்தார்கள். உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது 2023ல். ஊருக்கு ஜீப் வந்த நாளிலிருந்து எண்ணினால் 31 வருஷம்.

அதே 2023 மே மாதம். வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயசுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றுவிட்டது, அதற்குமேல் ரோடு இல்லை. பெற்ற தாய் பிணத்தைக் கையில் ஏந்தி மலை ஏறினாள். இதுமாதிரி ஊர்களில் பிரசவ வலி வந்தால் டோலி கட்டித்தான் தூக்கி வரணும்.

ரோடு கேட்டால் ‘காப்புக்காடு, அனுமதி இல்லை’ என்பார்கள். மாணவத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, குடிநீர், ரோடு உட்பட 13 தேவைகளுக்கு வனநிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்கணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்குமேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்கணும். அவ்வளவுதான். உழுகிற நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்கவும் இதே சட்டத்தில் வழி இருக்கிறது. சட்டம் இருக்கிறது, அதை மலைமேல் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை.

இன்னொரு கொடுமை. சேலம், தருமபுரி மலைகளில் மலையாளி பழங்குடி. எல்லை தாண்டி ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலைக்குப் போனால் அதே மலையாளி பட்டியலில் இல்லை. மாவட்டக் கோடு சாதியை மாற்றிவிடுகிறது. நம்ம புதுச்சேரி ஒழுங்கா? 2016 டிசம்பர் வரை இங்கே பழங்குடிப் பட்டியல் என்றே ஒன்று கிடையாது. அப்புறம்தான் இருளர்களைச் சேர்த்தார்கள். நம்ம பக்கத்தில் ஏரிக்கரையில் எலி பிடித்துக்கொண்டிருந்தவரை அரசு பழங்குடி என்று ஒத்துக்கொள்ளவே அவ்வளவு காலம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கு மேற்பட்டோரைக் கொன்றது. கூலிக்காரர்கள், அதில் நம் சனம் அதிகம். உடனே கல்வராயன் மலைமேல் சாராய ரெய்டு. அதற்கப்புறம் உயர்நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து, அந்த மலையில் ரோடு உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று கேட்டது. கீழே சேரி செத்தபிறகுதான் மேலே மலை இருப்பது தெரிகிறது. இந்த ரெண்டு பேரையும் ஒருத்தருக்கொருத்தர் அன்னியமாக வைத்திருப்பது யாருக்கு லாபம்? ‘காட்டான்’, ‘மலைக்காரன்’ என்று நாமே வசைச்சொல்லாகப் பேசுகிறோம் இல்லையா? நம்மைச் சேரி என்று ஒதுக்கினவன் கொடுத்த நாக்கு அது.

நான் பெரிய திட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. லீவு நாளில் நாலு பேர் பஸ் ஏறுவோம். பஸ் நிற்கிற இடத்துக்கு அப்புறமும் நடப்போம். கிராம சபைத் தீர்மானம், உரிமை மனு எல்லாவற்றையும் அவர்களோடு உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவோம். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று எனக்கு நல்லாத் தெரியும், அதனால் திருப்பி அனுப்ப முடியாதபடி எழுதவும் தெரியும். இந்த முறை அவர் பேரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வேன்.

வர்றவங்க கூட்டம் முடிஞ்சதும் பேர் கொடுங்க.